கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பேரேடு யார் கையில்?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் முகப்பில் ஒரே நாளில் நடப்பவற்றைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். ஒருவர் சிட்டா, அடங்கலுடன் பயிர்க்கடன் கேட்டு வந்திருப்பார். இன்னொருவர் அடகு வைத்த நகையை மீட்க வந்திருப்பார். மூன்றாமவருக்கு இரண்டு மூட்டை உரம் வேண்டும். அதைப் பயிர்க்கடனின் ஒரு பகுதியாக, பொருளாகவே பெற அவருக்கு வழியுண்டு. வைப்புத்தொகைக்கான வட்டியை வாங்கிச் செல்ல ஒரு மூதாட்டி காத்திருப்பார். அச்சங்கம் நடத்தும் நியாயவிலைக் கடைகளின் விற்பனைத் தொகையும் மாலைக்குள் கணக்கில் ஏற வேண்டும். வங்கி, அடகுக் கடை, உரக் கடை, ரேஷன் கடை ஆகிய நான்கின் கணக்கையும் ஒரு செயலாளரும் இரண்டு மூன்று பணியாளர்களும் சேர்ந்து எழுதி முடிக்கின்றனர்.

தமிழகத்தில் இத்தகைய சங்கங்கள் ஏறத்தாழ 4,500 உள்ளன. நாடு முழுவதும் உள்ள சங்கங்களில் 63,000 சங்கங்களை ஒரே பொது மென்பொருளின் கீழ் கொண்டுவரும் திட்டத்துக்கு 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு ரூ.2,516 கோடி, சராசரியாகப் பார்த்தால் சங்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.4 லட்சம். நபார்டு வங்கி இத்திட்டத்தை முன்னின்று செயல்படுத்துகிறது. இச்சங்கங்களில் உறுப்பினராக உள்ள சுமார் 13 கோடி விவசாயிகளில் பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகள். அவர்களுடைய கடன், சேமிப்பு, பங்குத்தொகை ஆகிய எல்லாமும் இனி கணினியில்தான் இருக்கப் போகின்றன.

எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்டால், விற்பனையாளர்கள் வசதிகளின் பட்டியலை நீட்டுவார்கள். நாள் முடிவு, மாத முடிவு, இருப்புநிலைக் குறிப்பு, குறுஞ்செய்தி, கைப்பேசிச் செயலி என்று எல்லாருடைய பட்டியலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. பதிவான ஒன்றை யாரால் மாற்ற முடியும், தன் கணக்கு சரியா என்பதை உறுப்பினர் எவ்வாறு தெரிந்துகொள்வார், நாளை வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியிருந்தால் சங்கத்தின் கணக்கு சங்கத்தோடு வருமா என்பவைதாம் உண்மையில் வேறுபாட்டைக் காட்டும் கேள்விகள்.

இக்கேள்விகள் ஏன் கூட்டுறவுக்கு மட்டும் அழுத்தமாகப் பொருந்துகின்றன என்பதை அறிய அதன் வேரைச் சற்று நினைவுகூர வேண்டும். ஜெர்மனியின் கிராமங்களில் ரைஃபைசன் 1860-களில் வளர்த்தெடுத்த கடன் சங்க முறையைச் சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி. அவரது அறிக்கைக்குப் பின் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் கடன் சங்கம் தோன்றியது. அதே வேரிலிருந்துதான் கனடாவின் லெவி நகரில் அல்போன்ஸ் தெழார்தேன் 1900-இல் தொடங்கிய மக்கள் வங்கியும், 1909-இல் அமெரிக்காவில் தோன்றிய முதல் கடன் சங்கமும் கிளைத்தன. அங்கு 'கிரெடிட் யூனியன்' எனப்படுவதும் இங்கு கடன் சங்கம் எனப்படுவதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடன் வாங்குபவரும் சேமிப்பவரும் உரிமையாளரும் ஒருவரே என்பது இரண்டுக்கும் பொது. தன் பணம் எங்கே போயிருக்கிறது என்று கேட்கும் உரிமை வங்கியின் வாடிக்கையாளரைவிடச் சங்க உறுப்பினருக்கு அதிகம். ஆகவே, மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைக் கொள்முதல் பிரிவின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

இப்போது நடைமுறையில் உள்ள மென்பொருள்களை நான்கு வகையாகப் பார்க்கலாம். முதலாவது, அருகிலுள்ள நகரத்து நிறுவனம் எழுதிக் கொடுத்து, சங்கத்தின் கணினியிலேயே நிறுவிச் செல்லும் மென்பொருள். வைத்தியநாதன் குழு 2005-இல் பொதுவான கணக்கு முறையையும் கணினிமயமாக்கலையும் பரிந்துரைப்பதற்கு முன்பும் பின்பும் பல சங்கங்கள் கணினிக்கு அறிமுகமானது இவ்வகை மூலம்தான். இதை எளிதில் இகழ்ந்துவிடக் கூடாது. மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும், இணையம் தேவையில்லை. சிக்கல் வந்தால் தொலைபேசியில் அழைத்தவுடன் ஒருவர் இரு சக்கர வாகனத்தில் வந்து சேர்வார். அவருக்கு அந்தச் சங்கத்தின் வழக்கங்கள் தெரியும். எந்தப் பெருநிறுவனமும் தர இயலாத சேவை அது.

ஆனால், இவ்வகையின் பெரிய குறை பழைய தேதிக்குச் சென்று பதிவு செய்யும் வசதி. காகிதப் பேரேட்டில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தினால் அடித்த கோடு தெரியும். தணிக்கையாளர் அதன் அருகே கையொப்பம் கேட்பார். கணினியில் ஒரு பதிவை அழித்துவிட்டு வேறொன்றை எழுதினால், மென்பொருள் அதைத் தனியே குறித்து வைத்திருந்தாலன்றி, எந்தத் தடயமும் இராது. நல்ல கணக்கு மென்பொருள் அழிக்கவே விடாது. தவறாகப் பதிந்துவிட்டால் எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். முதல் பதிவும் எதிர்ப்பதிவும் இரண்டையும் செய்தவர் பெயரும் நேரமும் என்றைக்கும் நிலைத்திருக்கும். மென்பொருளைப் பார்வையிடச் செல்லும் நிர்வாகக் குழுவினர் விற்பனையாளரிடம் "நேற்றைய பதிவு ஒன்றை அழித்துக் காட்டுங்கள்" என்று கேட்டாலே போதும். அவர் அதைச் செய்து காட்டிவிட்டால், பிற வசதிகளைப் பார்க்கத் தேவையில்லை.

இதனோடு சேர்ந்தது இருவர் முறை. ஒருவர் பதிவிட வேண்டும், மற்றொருவர் சரிபார்த்து ஏற்க வேண்டும். பணம் புழங்கும் எந்த மென்பொருளுக்கும் இது அடிப்படை. மூன்று பேர் மட்டுமே பணியாற்றும் சங்கத்தில் இது எப்படி நடக்கிறது? ஒருவர் விடுப்பில் இருப்பார். இன்னொருவர் நியாயவிலைக் கடைக்குச் சென்றிருப்பார். எனவே கடவுச்சொல் கைமாறும். திரையின் ஓரத்தில் ஒட்டிய காகிதத் துண்டில் எல்லாருடைய கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருக்கும். கைரேகையை வைத்து இதைத் தடுக்கலாம். ஆனால் அப்போது இரண்டாமவர் வரும்வரை நகைக்கடன்காரர் காத்திருக்க நேரும். மென்பொருளை மாற்றுவதால் மட்டும் தீரும் சிக்கல் அல்ல இது. பணியிடங்களை நிரப்பாமல் மென்பொருளை மட்டும் வாங்கிக் கொடுத்தால் கடவுச்சொல் காகிதமும் கூடவே வரும்.

இரண்டாவது வகை, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பயன்படுத்தும் கோர் பேங்கிங் மென்பொருளையே கீழே சங்கங்கள் வரை நீட்டிப்பது. பாதுகாப்பிலும் வட்டிக் கணக்கீட்டிலும் இவை உறுதியானவை. ஆயினும் வங்கிக்காக எழுதப்பட்ட மென்பொருள் கணக்கு எண்ணை அடிப்படையாகக் கொண்டது. சங்கத்துக்கோ உறுப்பினர்தான் அடிப்படை. பங்குத்தொகை எவ்வளவு, அதற்கேற்பக் கடன் தகுதி எவ்வளவு, பேரவையில் வாக்குரிமை உண்டா, இன்னொருவருக்குப் பிணை நின்றிருக்கிறாரா என்பவை எல்லாம் உறுப்பினர் என்ற ஒரே புள்ளியிலிருந்து கிளைக்க வேண்டும். அமெரிக்கக் கடன் சங்கங்களுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவற்றில் உறுப்பினர் எண்ணே வேராக இருக்கும். சேமிப்பும் கடன்களும் அதன் கிளைகளாக வரும். அங்கு வைப்புத்தொகையைப் 'பங்கு' என்றும், அதற்குத் தரும் வட்டியைப் 'பங்காதாயம்' என்றும் சொல்வது வழக்கம். சொல்லில் உள்ள இந்த வேறுபாடு மென்பொருளின் கட்டமைப்பிலும் உண்டு. உரத்தின் இருப்பும், அடகு நகையின் எடையும் தரமும், நகை மதிப்பீட்டாளரின் பெயரும், நகைப்பையின் எண்ணும் வங்கி மென்பொருளுக்கு இரண்டாம்பட்சம். அவற்றுக்குத் தனியாக ஒரு நோட்டு, அல்லது தனியாக ஒரு மென்பொருள் என்று ஆகிவிடும். இரண்டு இடங்களில் எழுதப்படும் கணக்கு என்றாவது ஒருநாள் ஒத்துப்போகாமல் நிற்கும்.

மூன்றாவது, தேசிய அளவிலான பொது மென்பொருள். கடன், வைப்பு, உரக் கொள்முதல், விற்பனை, கிடங்கு, நியாயவிலைக் கடை என அனைத்தையும் ஒரே பேரேட்டில் சேர்க்கும் நோக்கம் கொண்டது. சங்கங்கள் 25-க்கும் மேற்பட்ட தொழில்களில் ஈடுபடலாம் என்று மாதிரித் துணைவிதிகள் விரிவாக்கப்பட்டுள்ள நிலையில் அத்தகைய விரிந்த அமைப்பு தேவைதான். தரவு மையக் கணினியில் இருக்கும். சங்கத்தில் இருப்பது திரையும் இணைப்பும் மட்டுமே. 2024 பிப்ரவரியில் முதற்கட்டமாக 18,000 சங்கங்களில் கணினிமயமாக்கலைப் பிரதமர் தொடங்கிவைத்தார்.

கணக்குகள் ஒரே இடத்தில் சேர்வதன் பயனை உணர தமிழகத்தின் நகைக்கடன் தள்ளுபடியே போதிய சான்று. ஒரு குடும்பத்துக்கு 5 சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி செய்யப்படும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது மதிப்பிடப்பட்ட தொகை சுமார் ரூ.6,000 கோடி. நகைக்கடன்களோ சுமார் 48 லட்சம். ஒருவரே பல சங்கங்களில், பல கடன்களாக நகைகளை வைத்திருக்கலாம்; ஒரே குடும்பத்தினர் தனித்தனியே வைத்திருக்கலாம். ஒரு சங்கத்தின் கணினிக்குப் பக்கத்துச் சங்கத்தில் இருப்பது தெரியாது. ஆகவே கடன் விவரங்களை எல்லாச் சங்கங்களிலிருந்தும் திரட்டி, ஆதார் எண்ணோடும் குடும்ப அட்டையோடும் ஒப்பிட நேர்ந்தது. ஆய்வின் முடிவில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள் தகுதியற்றவை எனக் கழிந்தன. அவை எல்லாம் முறைகேடு என்று எண்ணிவிடக் கூடாது. எடை வரம்பைத் தாண்டியவையும், வேறு நிபந்தனைகளால் விலக்கப்பட்டவையும் அவற்றில் அடக்கம். ஆனால், முறைகேடு எது, வெறும் தகுதியின்மை எது என்று பிரித்துச் சொல்லவே மாதக்கணக்கில் ஆயிற்று. தன் கடன் தள்ளுபடி ஆகுமா, ஆகாதா என்று தெரியாமல் அத்தனை மாதங்களும் நகையை மீட்காமல் காத்திருந்தவர்கள் பலர். ஒன்றிணைந்த பேரேடு இருந்திருந்தால் அறிவிப்புக்கு முன்பே அந்தக் கணக்கு அரசின் கையில் இருந்திருக்கும்.

எனவே சிறிய சங்கங்களுக்குப் பொது மென்பொருளே ஏற்றது என்பது என் கருத்து. பாதுகாப்புக்கென ஓர் ஆளை நியமிக்கவோ, ஆண்டுதோறும் மென்பொருளைப் புதுப்பிக்கவோ தனிச் சங்கத்தால் இயலாது. எனினும் இதற்கு ஒரு விலை உண்டு. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கிவந்த சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் பிணைத்தொகை கேட்கும் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. முன்னெச்சரிக்கையாக அந்நிறுவனத்தின் அமைப்பைத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யூபிஐ உள்ளிட்ட பணப் பரிமாற்றச் சேவைகளைப் பயன்படுத்த முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் இதே கதைதான்: ஒரு சேவை நிறுவனம் தாக்கப்பட்டதால் சுமார் 60 கடன் சங்கங்கள் முடங்கின. அவற்றின் சொந்தக் கணினிகளில் எந்தப் பிழையும் இல்லை. பூட்டு வாங்கிய கடை ஒன்றே என்றால், திருடனுக்கு ஒரு சாவி போதும்.

தனித்து நிற்பதும் பாதுகாப்பு ஆகிவிடாது. புணேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 2018 ஆகஸ்டில் இழந்தது ரூ.94 கோடி. ஏடிஎம் அட்டைகளுக்கு ஒப்புதல் தரும் அமைப்பைப் போலவே இன்னொன்றைத் தாக்குதல்காரர்கள் உருவாக்கிவிட்டனர். போலி அட்டைகள் வழியே 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. கேள்வி வந்தபோதெல்லாம் அந்தப் போலி அமைப்பே சரி என்று பதிலளித்துக் கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டுறவு வங்கிக்கே அந்நிலை என்றால் கிராமத்துச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு அத்தகைய சங்கத்தைக் காப்பது பெரும்பாலும் அது எதனுடனும் இணைக்கப்படாமல் இருப்பதுதான். அதை இணைக்கும் நாளில் காவலும் சேர்ந்து வர வேண்டும்.

கேரளம் தேசிய மென்பொருள் குறித்துத் தொடக்கத்திலிருந்தே தயக்கம் காட்டியது. அங்குள்ள சங்கங்கள் பலவும் பெருமளவில் வைப்புத்தொகை திரட்டி, சிறு வங்கிகளைப் போலவே இயங்குபவை, ஏற்கெனவே கணினிமயமானவை. மாநில அளவிலான பொது மென்பொருளே தனக்குப் பொருந்தும் என்பது அதன் நிலைப்பாடு. இதில் அரசியல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அதற்குள் ஒரு நியாயமான கேள்வியும் இருக்கிறது: கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள துறை, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த மாற்றத்தை மென்பொருளில் செய்யும் அதிகாரம் யாருக்கு?

தமிழகத்துக்கு இது வெறும் கோட்பாட்டுக் கேள்வியன்று. இங்குப் பயிர்க்கடனைத் தவணைத் தேதிக்குள் திருப்பிச் செலுத்தும் விவசாயிக்கு வட்டியே இல்லை. ரூ.3 லட்சம் வரையிலான கடனுக்கு 7% வட்டி. உரிய காலத்தில் செலுத்துவோருக்கு மத்திய அரசு 3% ஊக்கத்தொகை தருகிறது. எஞ்சியதை மாநில அரசு ஏற்கிறது. தேதி தவறினால் சலுகை போய்விடும். அந்தக் கடைசி நாளில் இணையம் அறுந்துவிட்டால்? விடுமுறை நாளில் தவணை முடிந்தால் அடுத்த வேலைநாளில் ஏற்கலாம் என்று பதிவாளர் ஆணையிட்டால், அந்த ஆணை எத்தனை நாளில் மென்பொருளுக்குள் ஏறும்? ஆணை வந்தும் கணினி ஏற்கவில்லை என்று சொல்லும் நிலை நேர்ந்தால், முகப்பில் நிற்கும் விவசாயிக்குக் கணினியே சட்டமாகிவிடும். வட்டி விதி, தவணைத் தேதி, மானியப் பங்கீடு ஆகியவற்றை மாநில அளவிலேயே திருத்தக்கூடியதாக மென்பொருள் இருக்க வேண்டும். இணைப்பு இல்லாதபோது செலுத்தப்படும் தொகைக்குச் செலுத்திய நேரத்துடன் ரசீது தந்து, பின்னர் அதே தேதியில் வரவு வைக்கும் ஏற்பாடும் வேண்டும். பழைய தேதிப் பதிவைத் தடுக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். காரணத்தையும் பதிந்தவர் பெயரையும் சேர்த்துக் காட்டும் விதிவிலக்கு வேறு. யாருக்கும் தெரியாமல் மாற்றுவது வேறு.

நான்காவது வகையைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை. கிராமீன் அறக்கட்டளை குறுங்கடன் அமைப்புகளுக்காகத் தொடங்கிய 'மிஃபோஸ்' என்ற திறந்த மூல மென்பொருள் வளர்ந்து, 2017-இல் 'அப்பாச்சி ஃபினராக்ட்' என்ற பெயரில் அப்பாச்சி அறக்கட்டளையின் முழுநிலைத் திட்டங்களுள் ஒன்றாயிற்று. அதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். உரிமக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லை என்பதைச் செலவு இல்லை என்று புரிந்துகொள்ளக் கூடாது. அதை நிறுவவும், உள்ளூர் விதிகளுக்கு ஏற்ப மாற்றவும், பராமரிக்கவும் தேர்ந்த ஆட்கள் தேவை. தனிச் சங்கத்துக்கு அது எட்டாக் கனி. மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி போன்ற அமைப்புக்கு எட்டும். அமெரிக்காவில் இன்னொரு வழியும் நடைமுறையில் உள்ளது. மிச்சிகன் மாநிலத்திலிருந்து இயங்கும் 'சியூ ஆன்சர்ஸ்' என்ற மென்பொருள் அமைப்பின் உரிமையாளர்கள் கடன் சங்கங்களே. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கடன் சங்கங்கள் கூடித் தங்களுக்கான மென்பொருளைத் தாங்களே நடத்திவருகின்றன. கூட்டுறவு நூற்பாலையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கண்ட நாட்டில் கூட்டுறவு மென்பொருள் நிறுவனம் ஏன் தோன்றவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

எந்த வகையைத் தேர்ந்தாலும், உள்ளே நுழைவதற்கு முன் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பென்சில்வேனியாவில் உள்ள பெஸ்ஸமர் சிஸ்டம் என்ற சிறிய கடன் சங்கம், உலகின் மிகப்பெரிய நிதித் தொழில்நுட்ப நிறுவனங்களுள் ஒன்றான ஃபைசர்வ் மீது 2019-இல் வழக்குத் தொடுத்தது. உறுப்பினர் கணக்குகளின் பாதுகாப்பில் குறைகள் இருந்தன என்பது அதன் முதன்மைக் குற்றச்சாட்டு. அந்நிறுவனம் அதை மறுத்தது. வழக்கின் சரி, தவறு ஒருபுறம் இருக்க, ஒரு சிறு சங்கத்துக்கும் அதன் மென்பொருளைக் கையில் வைத்திருக்கும் பெருநிறுவனத்துக்கும் இடையில் உள்ள பலத்தின் ஏற்றத்தாழ்வை அது வெளிக்காட்டியது. ஒப்பந்தத்தில் "தரவு சங்கத்துக்கே சொந்தம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாது. உறுப்பினர் பட்டியல், ஒவ்வொரு கணக்கின் நிலுவை, தொடக்கம் முதலான வரவு செலவுப் பதிவுகள், கையொப்பப் படங்கள், நகைப்பை விவரங்கள் ஆகியவை வேறு எந்த மென்பொருளாலும் படிக்கக்கூடிய வடிவில், கேட்ட சில நாள்களில், கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதை உண்மையிலேயே பெற்று, கூட்டிப் பார்த்து, இருப்புநிலைக் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். தேசியப் பொது மென்பொருளுக்கும் இதே நிபந்தனை பொருந்தும்.

தணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மென்பொருள் வந்துவிட்டால் மோசடி நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு 2019-இல் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி மறுப்பாக அமைந்தது. அது முழுமையான கோர் பேங்கிங் வசதி கொண்ட வங்கி. ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த 44 கடன்களை மறைக்க, 21,049 போலிக் கணக்குகள் காட்டப்பட்டன. காவல் துறையில் அளிக்கப்பட்ட புகாரின்படி, அந்தப் போலிக் கணக்குகள் மென்பொருளில் உருவாக்கப்படவே இல்லை. ரிசர்வ் வங்கியின் ஆய்வுக்குத் தரப்பட்ட பட்டியலில் மட்டுமே அவை இருந்தன. உண்மையான 44 கணக்குகளும் மென்பொருளுக்குள்ளேயே இருந்தன; குறிப்பிட்ட சிலர் தவிரப் பிறர் பார்க்க முடியாதபடி மூடி வைக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டபோது, சேமித்தவர்கள் தங்கள் பணத்திலிருந்து எடுக்க அனுமதிக்கப்பட்டது முதலில் ரூ.1,000 மட்டுமே. சங்கம் அச்சிட்டுத் தரும் அறிக்கையைத் தணிக்கையாளர் வாங்கிக்கொள்வதும், அவரே தனி நுழைவு உரிமையுடன் மென்பொருளுக்குள் சென்று எடுப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. தணிக்கையாளரின் கண்ணுக்கு எந்தக் கணக்கையும் மறைக்க முடியாது என்பது மென்பொருளின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லாக் கண்காணிப்புக்கும் மேலானது உறுப்பினரின் கண்காணிப்பு. தன் பெயரில் கடன் பதிவாகும் அந்த நிமிடமே தமிழில் ஒரு குறுஞ்செய்தி வந்தால், வாங்காத கடனுக்குச் சொந்தக்காரராகும் அவலம் பெருமளவு தவிர்க்கப்படும். ஆனால், அந்தக் கைப்பேசி எண் உறுப்பினருடையதுதானா என்று யார் உறுதி செய்தது? பதிவேட்டில் எண் இல்லாத இடங்களில் வேறு யாருடைய எண்ணையோ எழுதி வைத்தால் செய்தி போகும்; உரியவருக்குப் போகாது. கைப்பேசி இல்லாதவர்களுக்கு அச்சிட்ட கணக்குப் புத்தகமே துணை. பொது மென்பொருள் வந்தபின் கணக்குப் புத்தகம் எதற்கு என்று கைவிட்டுவிடக் கூடாது.

இனி எஞ்சுவது, காகிதத்திலிருந்தும் பழைய மென்பொருளிலிருந்தும் கணக்குகளைப் புதியதற்கு மாற்றும் வேலை. பேச்சில் எளிது; செய்கையில் இதுவே கடினம். பல பத்தாண்டுப் பேரேடுகளில் உறுப்பினர்களின் பங்குத்தொகையைக் கூட்டினால் வரும் எண்ணும் இருப்புநிலைக் குறிப்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாத சங்கங்கள் உண்டு. இறந்தவர் பெயரில் கடன் நிலுவை இருக்கும். ஒரே பெயரில் மூன்று உறுப்பினர்கள் இருப்பர். தந்தை பெயர் ஒருவருக்கு விடுபட்டிருக்கும். கணினிக்கோ இரண்டு பக்கமும் சமமாக இருந்தாக வேண்டும். காலக்கெடு நெருங்கும்போது இடிக்கும் தொகையை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டுப் பணி முடிந்ததாகக் காட்டுவதே எளிய வழி. அப்படித் தள்ளப்பட்ட தொகை யாரோ ஓர் உறுப்பினரின் சேமிப்பாக இருக்கலாம். யாரோ செலுத்தி, வரவு வைக்கப்படாத தவணையாகவும் இருக்கலாம். புதிய மென்பொருளில் ஏறியபின் அந்த எண்ணுக்கு ஒரு நம்பகத்தன்மை வந்துவிடும். கணினி சொல்வதை மறுத்துப் பேசும் துணிவு எளிய உறுப்பினருக்கு வராது.

ஆகவே, மாற்றத்தை முடிக்கும் முன் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவருடைய பங்குத்தொகை, சேமிப்பு, கடன் நிலுவை, அடகு நகையின் எடை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து, சரி என்றோ தவறு என்றோ எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். மறுப்புத் தெரிவிக்க ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அறுவடைக் காலத்தில் அந்த மாதத்தை வைத்துக்கொள்ளாமலிருப்பது நல்லது. மறுப்பு வந்த கணக்குகளைப் பழைய பேரேட்டுடன் ஒப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பேரேடுகளை அலமாரியிலிருந்து அகற்றக் கூடாது. மறுப்பு வந்த கணக்குகள் எத்தனை, அனாமத்தில் வைக்கப்பட்ட தொகை எவ்வளவு என்ற இரண்டு எண்களும் அந்த ஆண்டின் பேரவைக் கூட்ட அறிக்கையில் அச்சாகி உறுப்பினர் கைக்கு வர வேண்டும்.